நீதிமன்றத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு: அறிஞர் சித்திலெவ்வை மாற்றிக்கொண்ட பாதை



விம்கோ நகர் என்ற ஊர்ப் பெயரே ஒரு வேலை இடத்தின் பெயர்தான். தீப்பெட்டி தயாரித்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம் விம்கோ. 2021-இல் மெட்ரோ ரயில் வந்த பிறகு, இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு ஸ்டேஷனின் பெயர். பெரியவர்களுக்கோ அது ஷிப்டு, சம்பளம், ஓவர்டைம், போனஸ் என்று ஒரு வாழ்க்கையின் பெயர். திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரை தீப்பெட்டியும் டயரும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்த ஆலைகளும், ராயபுரத்தை ஒட்டிய துறைமுகமும்தான் நம் பகுதியின் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன.

அந்த வேலைகளின் தன்மை இன்று மாறிவிட்டது. நிரந்தர வேலை இருந்த இடத்தில் ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. ஆள் செய்ததை மெஷின் செய்கிறது. வளைகுடாவுக்குப் போன சகோதரர்கள் விசா முடிந்து திரும்பி வந்து நிற்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போதும், வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நம் குடும்பங்களில் ஓடும் கேள்வி ஒன்று உண்டு. இருபது வருடம் ஒரு வேலையில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலைக்குப் போனால், இதுவரை பார்த்ததெல்லாம் வீண்தானா?

இந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒருவரை நாம் இந்தக் கட்டுரையில் நினைவுகூர்கிறோம். அவர் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் வாழ்ந்தவர். ஆனால் எழுதியதும் பேசியதும் நம் தமிழில்தான். வழக்கறிஞராக நல்ல நிலையில் இருந்து, நடுவயதில் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, பத்திரிகையாளராகவும் பள்ளிக்கூடங்களை நிறுவியவராகவும் மாறிய அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை (ரஹ்) அவர்கள்தாம் அவர்.

கண்டியில் ஒரு வழக்கறிஞர் வீடு

சித்திலெவ்வை 1838 ஜூன் 11 அன்று கண்டியில் பிறந்தார். தந்தையும் வழக்கறிஞர், இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக அந்தத் தொழிலுக்கு வந்தவர் என்று அறியப்படுபவர். அன்றைய முஸ்லிம்களில் பெரும்பாலோர் வியாபாரிகள், சிறு விவசாயிகள், கைவினைஞர்கள். ஆங்கிலம் படித்த முஸ்லிம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட காலத்தில் இந்த வீட்டுப் பிள்ளை அரபும் தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கற்று வளர்ந்தார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே வீட்டில் கிடைத்தன. நாளைக்கு அவர் செய்யப்போகும் வேலைக்கான முதல் கருவிகள் அவை.

1862-இல் அவர் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்தார். 1864-இல் உச்ச நீதிமன்றத்திலும் பதிவு பெற்றார். சிலகாலம் கண்டி நகர நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்ட ஒருவருக்கு எதிர்காலம் பற்றிய கவலை இருக்கக் காரணமில்லை. கௌரவம், வருமானம், ஊரில் மரியாதை எல்லாம் இருந்தன. அப்படியே தொடர்ந்திருந்தால் கண்டியின் பெரிய வக்கீல்களில் ஒருவராக வாழ்ந்து முடித்திருப்பார். இன்று நாம் அவரைப் பற்றி எழுதவும் வேண்டியிருந்திருக்காது.

நீதிமன்றம் கற்றுக்கொடுத்த பாடம்

அந்தக் காலத்து இலங்கையில் வழக்கறிஞர்கள் இரண்டு வகை. உயர் மன்றங்களில் எழுந்து வாதாடுபவர்கள் ஒரு வகை. கட்சிக்காரரை நேரில் சந்தித்து, கதையைக் கேட்டு, பத்திரங்களைப் படித்து, மனு எழுதி, வழக்கைத் தயார் செய்பவர்கள் இன்னொரு வகை. இவர்களை அங்கே புரொக்டர் என்பார்கள். சித்திலெவ்வை இந்த இரண்டாவது வகை.

இந்த வேலையில் இருப்பவர் ஒரு சமுதாயத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறார். நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப்பிரிவினை, திருமணச் சிக்கல் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். தன் பெயரில் எழுதப்பட்ட பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத மனிதர்கள் வருவார்கள். சர்க்கார் என்ன சட்டம் போட்டது, அது தன்னை எப்படிப் பாதிக்கும் என்று அறியாதவர்கள் வருவார்கள். ஒருவருக்கு ஒரு வழக்கில் ஜெயித்துக் கொடுத்தால், அதே காரணத்தால் அடுத்தவர் வந்து நிற்பார். இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு ஒன்று புரிந்திருக்கும் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். வருகிற வழக்கை முடித்துக் கொடுப்பது ஒரு வேலை. அந்த வழக்கை உண்டாக்கும் அறியாமையைத் தொடுவது வேறு வேலை. அதை நீதிமன்றத்தில் செய்ய முடியாது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. சித்திலெவ்வை தன் தொழிலை வெறுத்து ஓடியவரல்லர். அந்தத் தொழில் அவருக்குக் காட்டிக் கொடுத்த தேவையை நோக்கி நகர்ந்தவர்.

காப்பி கருகிய காலம்

அவருடைய மாற்றத்தைப் புரிந்துகொள்ள அன்றைய கண்டியையும் பார்க்க வேண்டும். அது காப்பித் தோட்டங்களின் ஊர். நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்களின் உழைப்பில் ஓடிய தோட்டங்கள் அவை. 1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் காப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். அதற்கு முன்பு பொதிமாடு ஓட்டியும் வண்டி ஓட்டியும் பிழைத்தவர்களின் வேலையை அந்த ரயில் வாங்கிக்கொண்டது. புதிய சாலையோ ரயிலோ வரும்போது யாரோ ஒருவர் வேலை மாற வேண்டியிருக்கிறது என்பதை வட சென்னைக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1869-இல் காப்பி இலையில் ஒரு துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அது அழித்துவிட்டது. 1884-இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. தோட்டக்காரர், கடைக்காரர், தரகர் எல்லோரும் ஆட்டம் கண்டார்கள். பிறகு காப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. நாடே தொழில் மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த மாற்றத்தில் ஆங்கிலமும் கணக்கும் படித்தவர்களுக்கு அலுவலகங்களில் புதிய வேலைகள் கிடைத்தன. முஸ்லிம் பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். காரணம் சோம்பல் இல்லை. ஆங்கிலப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. பிள்ளை படிக்கப் போய் ஈமானை இழந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது. அந்த அச்சத்தைச் சித்திலெவ்வை கேலி செய்யவில்லை. ஈமானும் பாதுகாக்கப்பட வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், அதற்கு நாமே பள்ளி நடத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இதே வழியில் வேறு சிலரும் நடந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளியில் பார்த்த வேலையை விட்டு, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். வட இந்தியாவில் சர் சையத் அஹ்மத் கான் நீதித்துறையில் பல்லாண்டு வேலை பார்த்தவர். 1875-இல் அலிகரில் கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெற்று அதற்கே தன்னைக் கொடுத்தார். நீதிமன்றத்தில் இருந்தவர்கள் கல்விக்கு வந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

முதல் அடி: முஸ்லிம் நேசன்

பள்ளி கட்டுவதற்கு முன் சித்திலெவ்வை செய்தது பத்திரிகை தொடங்கியது. 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

இந்த வரிசையைச் சற்று யோசித்துப் பார்ப்போம். பள்ளி வேண்டாம் என்று நினைக்கும் சமுதாயத்தில் கட்டடத்தைக் கட்டிவைத்தால் பிள்ளைகள் வருவார்களா? முதலில் மனம் மாற வேண்டும். மனத்தோடு பேச ஒரு பத்திரிகை வேண்டும். அந்தப் பத்திரிகைக்கு வேண்டிய திறமைகள் எல்லாம் அவருடைய பழைய தொழிலிலேயே இருந்தன. மனு எழுதிப் பழகிய கைக்குத் தலையங்கம் எழுதுவது அந்நியமில்லை. இரு தரப்பையும் கேட்டுப் பழகிய காதுக்கு எதிர்ப்பாளரின் வாதமும் புரியும். சட்டம் தெரிந்தவர் என்பதால் சர்க்காரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதும் தெரியும். சட்டசபையில் முஸ்லிம்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று பத்திரிகை குரல் கொடுத்தது. 1889-இல் முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார்.

முஸ்லிம் நேசன் இலங்கைக்குள் நிற்கவில்லை. தமிழகத்துக்கும் மலாயா நாட்டுக்கும் அது போயிற்று. கண்டியிலிருந்த ஒரு வழக்கறிஞரின் மேசைக்கு வந்துகொண்டிருந்த கேள்விகள் இப்போது கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களின் வீடுகளுக்குள் போய்ப் பேசத் தொடங்கின.

வேலை பறிபோன ஒரு தளபதி

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களில், 1883 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அஹ்மத் ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அதில் நாடு கடத்தப்பட்டு வந்தார்கள். படைத் தளபதியாகவும் போர் அமைச்சராகவும் இருந்தவர், பதவியும் படையும் நாடும் இழந்து, மொழி தெரியாத ஊரில் இறங்கினார். வேலை இழப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒராபி பாஷா 1901 வரை இலங்கையில் இருந்தார். அந்த ஆண்டுகளை அவர் வெறும் காத்திருப்பாகக் கழிக்கவில்லை. கல்வியின் அவசியத்தை முஸ்லிம்களுக்கு எடுத்துச் சொல்லும் பணியில் சித்திலெவ்வையோடு சேர்ந்தார். அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு வீரர் ஆங்கிலக் கல்வியும் தேவை என்று சொல்லும்போது, உள்ளூர் வழக்கறிஞர் சொல்வதைவிட அதற்கு வேறு எடை இருந்தது.

தோற்ற பள்ளியும் நிலைத்த பள்ளியும்

1884-இல் சித்திலெவ்வை கொழும்பு புதிய சோனகத் தெருவில் முதல் பள்ளியைத் தொடங்கினார். மதரஸதுல் கைரிய்யா என்பது அதன் பெயர். வங்கி மூடி ஊர் கலங்கிய அதே ஆண்டு. போதிய ஆதரவு கிடைக்காமல் அந்தப் பள்ளி சில ஆண்டுகளில் நின்றுபோனது.

நன்றாக ஓடிய தொழிலை விட்டுவிட்டு வந்து, தொடங்கிய புதிய வேலையும் தோற்றால் உறவினர்கள் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கும் மனிதர்கள் மனிதர்களே. ஆனால் சித்திலெவ்வை பழைய நாற்காலிக்கு ஓடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கண்டியிலும் மற்ற ஊர்களிலும் பள்ளிகள் உருவாகப் பாடுபட்டார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பைத் தன் சொந்தச் சகோதரியிடமே கொடுத்தார். முஸ்லிம் பெண் கல்வி என்பதே சர்ச்சையாக இருந்த நாளில், தன் வீட்டிலிருந்தே அதைத் தொடங்கியது சிறிய காரியமில்லை. பாடப் புத்தகம் இல்லாத குறைக்கு அவரே பாட நூல்களையும் எழுதினார்.

கொழும்பில் இரண்டாவது முயற்சி 1892-இல் கைகூடியது. இந்த முறை தோள்கொடுத்தவர்களைப் பார்த்தால் பாடம் புரியும். வாப்பிச்சி மரைக்கார் கட்டட ஒப்பந்தக்காரர். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இளைஞர், எழுத்தாளர். ஒராபி பாஷா எல்லோரும் மதிக்கும் பெரிய மனிதர். சட்டம், கட்டடத் தொழில், எழுத்து, படை என்று வெவ்வேறு வேலைகளில் பழுத்த அனுபவம் ஒரே பள்ளிக்காக ஒன்று சேர்ந்தது. 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் அந்த மதரஸா திறக்கப்பட்டது. அதுதான் பின்னாளில் ஸாஹிரா கல்லூரி ஆயிற்று. டி. பி. ஜாயா அவர்கள் 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்து அதை நாட்டின் பெரிய கல்லூரிகளில் ஒன்றாக உயர்த்தினார். இன்றும் அது நடக்கிறது.

முதல் பள்ளியிலிருந்து இரண்டாவது பள்ளிக்கு எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் வீணாகவில்லை என்பதற்கு மருதானையில் நிற்கும் கட்டடங்களே சாட்சி.

பேனாவும் நாவலும்

இதற்கிடையில் 1885-இல் அவர் அஸன்பேயுடைய கதை என்ற நாவலை எழுதி வெளியிட்டார். எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனின் கதை அது. தமிழில் நாவல் என்ற வடிவமே தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்த அந்நூல், தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றாக இன்றும் ஆய்வாளர்களால் பேசப்படுகிறது. அஸ்றாறுல் ஆலம் என்ற ஆன்மிக நூலும் அவர் எழுதியதே. ஞானதீபம் என்ற இதழையும் நடத்தினார்.

1898 பிப்ரவரி 5 அன்று, அறுபது வயதை எட்டும் முன்பே, அவர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார். சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியைப் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் செலவிட்டிருந்தார். 1977-இல் இலங்கை அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நமக்கு என்ன இருக்கிறது?

சித்திலெவ்வைக்கு வசதி இருந்தது, நமக்கு மாதச் சம்பளம்தானே என்று சகோதரர்கள் நினைக்கலாம். நியாயமான நினைப்புதான். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வைத்துக்கொண்டு, நாளையே வேலையை விடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஹலாலான ரிஸ்க்கைத் தேடுவது நம்மீதுள்ள கடமை. அதை ஆபத்தில் போட்டுவிட்டுச் செய்யும் மாற்றம் மாற்றமாகாது. அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுக்க வேண்டியது வேறு.

ஒன்று, பழைய வேலையைப் பெயரால் பார்க்காமல் செய்த காரியங்களால் பார்ப்பது. ஃபிட்டர், ஹெல்பர், டேலி கிளார்க் என்பது பதவியின் பெயர். அதற்குள் என்னென்ன செய்தோம்? மெஷின் நின்றால் காரணம் கண்டுபிடித்தோமா? புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோமா? சரக்குக் கணக்கில் தப்பு வராமல் பார்த்தோமா? மற்றவர்கள் எந்தச் சந்தேகத்துக்கு நம்மிடம் வந்தார்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்த்தவருக்கு ஒரு கிளியரிங் அலுவலகத்தின் காகித வேலை அந்நியமாக இருக்காது. இருபது வருடம் மெஷின் பார்த்தவர், இளைஞர்களுக்குப் பயிற்சி தரவோ பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கவோ தகுதியானவர். சான்றிதழ் இல்லாத அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலும் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

இரண்டு, பிடித்த வேலையை மட்டும் தேடாமல், நம் பழைய வேலை எந்தத் தேவையைக் காட்டிக்கொடுத்தது என்று பார்ப்பது. வழக்கறிஞர் கண்ட தேவை கல்வி. நீங்கள் வேலை பார்த்த இடத்தில் எதற்கு ஆள் கிடைக்காமல் தவித்தார்கள்? எந்த வேலைக்கு வெளியிலிருந்து அதிகக் கூலி கொடுத்து ஆள் அழைத்தார்கள்?

மூன்று, படிப்படியாகப் போவது. சித்திலெவ்வைக்குப் பத்திரிகை முதலில், பள்ளி பிறகு. நமக்கு, வேலையில் இருந்துகொண்டே விடுமுறை நாளில் சிறிதாகச் செய்து பார்ப்பது முதலில். வட்டிக் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் அவசரம் வேண்டாம். பி.எஃப். பணத்தில் கை வைக்கும் முன் சில மாதச் செலவுக்குத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.

நான்கு, தனியாக முடிவெடுக்காமல் மஷூரா செய்வது. மனைவியிடம் சொல்லாமல் வேலையை விட்டவர்களின் வீடுகளில் எழும் வேதனையை நம் ஜமாஅத்துகள் அறியும். வீட்டில் பேசுங்கள். அதே துறையில் இருப்பவரிடம் கேளுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். வீட்டுப் பெண்களின் திறமையையும் கணக்கில் சேருங்கள். கண்டியில் அந்தச் சகோதரி பொறுப்பேற்றது நமக்கும் வழிகாட்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஆடு மேய்த்தார்கள், வணிகம் செய்தார்கள். நபித்துவத்துக்கு முந்தைய அந்த ஆண்டுகளில்தான் நம்பிக்கைக்குரியவர் என்ற பெயரை மக்காவில் பெற்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பட்டு வணிகராக இருந்தவர். கடைத்தெருவை அறிந்தவராகவே கொடுக்கல் வாங்கல் சட்டங்களை ஆராய்ந்தார்கள். நேர்மையாக உழைத்த ஒரு நாளையும் அல்லாஹ் வீணாக்குவதில்லை. ஆலையின் வாசல் மூடினாலும், அங்கே கற்ற கையும் கண்ணும் நம்மோடுதான் வீட்டுக்கு வருகின்றன.

அறிஞர் சித்திலெவ்வை அவர்களின் பணிகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! வேலை தேடி நிற்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வழியைத் திறந்து வைப்பானாக! ஆமீன்.